மலைக்கு முதுகு காட்டாமல்

"சித்தப்பா, இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். மலை எந்தப் பக்கமோ அது கிழக்கு. அப்புறம் தொலைஞ்சே போக மாட்டீங்க."

அல்புகர்க்கி விமான நிலைய வாசலில் என் பெட்டியை டிக்கிக்குள் தள்ளிக்கொண்டே அண்ணன் மகள் சொன்னாள். சென்னையில் ஏறி, இரண்டு இடத்தில் விமானம் மாறி, கணுக்கால் வீங்கி இறங்கியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், ஊரின் ஒரு பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டு மலை. வடகோடி எது, தென்கோடி எது என்று தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பச்சை என்று பெயருக்குத்தான். மற்றதெல்லாம் பழுப்புப் பாறை. காற்றில் ஈரமே கிடையாது. அதனால் தொலைவில் இருக்கும் பாறையின் மடிப்புகூடக் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வாய் பிளந்து நிற்பார்கள். எனக்கு வந்தது ஒருவிதக் கூச்சம். அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

நான் சின்னத்திரைத் தொடர்களில் வேலை பார்க்கிறவன். உதவி இயக்குநராகச் சேர்ந்து, எபிசோட் இயக்குகிற அளவுக்கு வந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தொடர். கதை தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நடக்கிறது; எடுத்தது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில். வண்டி வாடகை, பேட்டா, ரூம் செலவு என்று கூட்டிப் பார்த்தால் தஞ்சாவூர் கட்டுப்படியாகாது. செங்கல்பட்டில் வயல் இருந்தது, வாய்க்கால் இருந்தது, திண்ணை வைத்த ஓட்டு வீடும் கிடைத்தது. ஒரே தொல்லை, வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒரு குன்று. காவிரிச் சமவெளியில் குன்று ஏது? ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமராமேன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தவிர்க்கவே முடியாத கோணம் என்றால் ஒரு பையன் தென்னை மட்டையை வெட்டி வந்து லென்சுக்கு முன்னால் பிடித்துக்கொள்வான். மூன்று வருடம் இப்படியே ஓட்டினோம். ஒரு ஃபிரேமில்கூடக் குன்று விழவில்லை. அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

அப்படிப்பட்ட நான் அல்புகர்க்கிக்கு வந்ததே, மலையை மறைக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னதால் பிறந்த ஒரு தொடரின் ஊரைப் பார்க்கத்தான்.

*

'பிரேக்கிங் பேட்' பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு நாலு வரி. வால்டர் ஒயிட் என்ற பள்ளிக்கூடக் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிகிறது. போவதற்குள் குடும்பத்துக்குப் பணம் சேர்த்துவிட வேண்டும் என்று, தன்னிடம் படித்து உருப்படாமல் போன ஜெஸ்ஸி பிங்க்மேன் என்ற பையனோடு கூட்டுச் சேர்ந்து மெத் என்ற போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்குகிறார். நம் ஊரில் சாராயம் காய்ச்சுவது என்கிறோமே, அதே காய்ச்சல்தான். பானைக்குப் பதில் கண்ணாடிக் குடுவை. 2008 ஜனவரி 20 அன்று ஏஎம்சி சேனலில் தொடங்கி 2013 செப்டம்பர் 29 அன்று முடிந்தது. ஐந்து சீசன், 62 எபிசோட். அவ்வளவுதான் மொத்தமே. எங்கள் தொடர்களில் அந்த எண்ணிக்கைக்குள் ஒரு நிச்சயதார்த்தம்கூட முடிந்திருக்காது.

இதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் முதலில் எழுதியது அல்புகர்க்கிக்காக இல்லை. ஸ்கிரிப்ட்டில் இருந்த ஊர் கலிபோர்னியாவின் ரிவர்சைடு. தயாரித்த சோனி நிறுவனம்தான் கணக்குப் பார்த்து, அல்புகர்க்கி இருக்கும் நியூ மெக்சிகோ மாநிலத்தில் போய் எடுக்கலாம், அங்கே செலவில் 25 சதவீதம் அரசாங்கம் திருப்பித் தருகிறது என்று சொன்னது. செங்கல்பட்டுக் கணக்கேதான். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்கள்: கார்களின் நம்பர் பிளேட்டை மாற்றிவிட்டு இதையே கலிபோர்னியா என்று காட்டிவிடலாம்.

கில்லிகன் சம்மதிக்கவில்லை. அவர் சொன்ன காரணம் கொள்கை, கோட்பாடு எதுவும் இல்லை; பச்சையான தொழில் காரணம். அப்படிச் செய்தால், கிழக்கே பார்த்து வைக்கிற ஒவ்வொரு ஷாட்டிலும் சாண்டியா மலையைத் தவிர்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அதைவிடக் கதையையே இந்த ஊருக்கு மாற்றிவிடலாம்.

பல வருடங்களுக்கு முன் இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் புரொடக்‌ஷனில் ஒருவருக்குக்கூட, கதையைத் தூக்கிச் செங்கல்பட்டில் வைக்கலாம் என்று தோன்றவில்லை. எனக்கும்தான்.

*

மறுநாள் காலையில் காரில் கிளம்பினோம். அவள் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் இரவு ஷிஃப்ட், மற்ற நாள் எனக்கு டிரைவர். தொடரை அவள் இரண்டு எபிசோடுக்கு மேல் பார்த்ததில்லை. "உங்களுக்காகத்தான் சுத்துறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஊர் உயரத்தில் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 5,300 அடி. பாலைவனத்தைப் பார்த்து மதுரை வெயிலை எதிர்பார்த்து வந்தவனுக்கு ஏற்காட்டு உயரத்தில் நிற்கிறோம் என்பதே பிடிபட ஒருநாள் ஆயிற்று. உதடு வெடித்தது. மூக்குக்குள் காய்ந்து எரிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வீடுகள் மண் நிறம். முனை மழுங்கிய சுவர்கள், மொட்டை மாடி, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் உத்திரக் கட்டை. சில வாசல்களில் காய்ந்த சிவப்பு மிளகாயைச் சரமாகக் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். திருஷ்டிக்கா என்று கேட்டேன். சிரித்தாள். அழகுக்கும்தான், சமையலுக்கும்தான். செப்டம்பர் கடைசி என்பதால் கடை வாசல்களில் இரும்புக் கூண்டு உருளைகளுக்குள் பச்சை மிளகாயைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். மிளகாய் தீயும் வாசனை தெரு முழுக்க. தும்மலும் வந்தது, பசியும் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் கேட்கும் முதல் கேள்வி 'சிவப்பா, பச்சையா?' எந்த மிளகாய்க் குழம்பு என்று அர்த்தம். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும். சொன்னேன். நாக்கு ஊருக்குத் திரும்பிவிட்டது.

முதலில் போனது வால்டரின் கார் கழுவும் நிலையம். தொடரில் கறுப்புப் பணத்தை வெளுக்க அவர் வாங்கும் இடம். பெயர் மாறியிருக்கிறது, இன்றும் கார் கழுவுகிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி தன் பழைய காரோடு வரிசையில் நின்றிருந்தார். அடுத்து ஊரின் தென்மேற்கில் ட்விஸ்டர்ஸ் என்ற பர்ரிட்டோ கடை. தொடரில் 'லோஸ் போயோஸ் ஹெர்மானோஸ்' என்ற கோழி வறுவல் கடையாக வரும், அதன் முதலாளி கஸ் ஃபிரிங் கடத்தல்காரர். சட்டை கசங்காத, குரல் உயராத வில்லன். அவர் நின்ற கவுன்டரில் கல்லூரிப் பெண் ஒருத்தி எனக்கு மீதிச் சில்லறை கொடுத்தாள். எந்த இடமும் செட் இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. பகலில் ஊர்க்காரர்கள் புழங்கும் இடத்தில் கேமராவை வைத்துவிட்டு, கேமராவை எடுத்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

செட்டே இல்லாமலும் இல்லை. வால்டர் வீட்டின் உள்பக்கம், நிலத்தடியில் இயங்கும் பிரம்மாண்டமான லேப், இவையெல்லாம் ஊருக்குத் தெற்கே மேசா டெல் சோல் பகுதியில் உள்ள அல்புகர்க்கி ஸ்டூடியோவின் தளங்களில் போட்டவை. 2018இல் அந்த ஸ்டூடியோவை நெட்ஃபிளிக்ஸ் வாங்கிவிட்டது. வெளியே நின்று பார்த்தேன். ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கொட்டகைகள், சுற்றிலும் முள்புதர். உள்ளே போக வழியில்லை. ஸ்டூடியோ கேட்டில் வாட்ச்மேனிடம் கெஞ்சும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் அண்ணன் மகள் பக்கத்தில் இருந்ததால் பேசாமல் திரும்பினேன்.

வழியில் அவளிடம் எங்கள் தொழிலின் கணக்கைச் சொன்னேன். எங்களுக்கு ஒரு நாளில் ஒரு எபிசோட். மாலை ஆறு மணிக்குள் முடிக்காவிட்டால் புரொடக்‌ஷன் மேனேஜர் வாட்சைத் தட்டிக் காட்டுவார். இவர்களுக்கு நாற்பத்தேழு நிமிட எபிசோட் ஒன்றுக்குச் சுமார் எட்டு நாள். எழுதியது இங்கே இல்லை. எழுத்தாளர்கள் கலிபோர்னியாவின் பர்பாங்கில் ஓர் அறையில் உட்கார்ந்து, காட்சிக்கு ஒன்றாகக் கார்டு எழுதிச் சுவர்ப் பலகையில் குத்தி, வாரக்கணக்கில் விவாதித்திருக்கிறார்கள். படம் பிடித்தது 35 மிமீ ஃபிலிமில். கில்லிகனுக்குப் பழைய வெஸ்டர்ன் படங்களின் மேல் மோகம்; அகலத்திரையிலேயே எடுக்க ஆசைப்பட்டார், அது நடக்கவில்லை. ஆனால் ஃபிரேமில் முக்கால் பங்கை வானத்துக்குக் கொடுத்துவிட்டு மனிதனைக் கீழே ஓரத்தில் நிறுத்தும் துணிச்சல் அந்த மோகத்திலிருந்து வந்ததுதான். சின்னத்திரை என்றால் முகம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குளோசப், குளோசப், மறுபடி குளோசப். வானத்துக்கு ஏது டிஆர்பி?

"அப்போ அவங்க எல்லாத்தையும் பிளான் பண்ணித்தான் பண்ணாங்களா?" என்றாள்.

அதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும் இடம். இல்லை. ஜெஸ்ஸியை முதல் சீசனிலேயே கொன்றுவிடுவதாகத்தான் இருந்தது. ஜெஸ்ஸியாக வந்த ஆரன் பால் நடிப்பைப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது. அந்த முதல் சீசனே எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் ஒன்பது எபிசோடிலிருந்து ஏழாகச் சுருங்கியது. ஐந்தாவது சீசனின் முதல் காட்சியில் வால்டரின் கார் டிக்கியில் ஒரு மெஷின் கன் கிடக்கும். அதை வைத்தபோது, யாரைச் சுடப் போகிறார் என்று எழுதினவர்களுக்கே தெரியாது. கடைசி எபிசோடுக்குள் பதிலைக் கண்டுபிடித்தார்கள். நாளைக்கு என்ன எடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் நாங்களும் எத்தனையோ துப்பாக்கியை வைத்திருக்கிறோம். திரும்பப் போய் எடுத்ததில்லை, அதுதான் வித்தியாசம்.

கதாநாயகன் தேர்வும் அப்படித்தான். பிரையன் கிரான்ஸ்டன் அதுவரை 'மால்கம் இன் த மிடில்' என்ற தொடரில் சிரிக்க வைக்கும் அப்பாவாகத் தெரிந்தவர். சேனல்காரர்கள் தயங்கினார்கள். கில்லிகன் தான் முன்பு எழுதிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் 1998ஆம் வருட எபிசோட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அதில் கிரான்ஸ்டன் வெறுப்பும் பரிதாபமும் ஒருசேர வரும்படி ஒருவனாக நடித்திருந்தார். தயக்கம் போயிற்று.

*

வால்டரின் வீடு இருக்கும் தெருவில் கார் மெதுவாகப் போனது. "இறங்க வேண்டாம், சித்தப்பா" என்றாள். இறங்கும் எண்ணம் எனக்கும் இல்லை. சாதாரணமான ஒரு மாடியில்லா வீடு. அதைச் சுற்றி இப்போது உயரமான இரும்பு வேலி.

வேலிக்குக் காரணம் ஒரு பீட்சா. மூன்றாவது சீசனில், மனைவி வீட்டுக்குள் விடாத கோபத்தில் வால்டர் பெரிய பீட்சா ஒன்றைக் கூரையை நோக்கி வீசுவார். முழு வட்டமாகப் பறந்துபோய்க் கூரையில் பிளாஸ்திரி மாதிரி ஒட்டிக்கொள்ளும். கிரான்ஸ்டன் முதல் டேக்கிலேயே அதைச் சாதித்துவிட்டார். யூனிட்டில் எல்லாரும் கூத்தாடியிருப்பார்கள். ஆனால் ஒரு கேள்வி மிச்சம்: கடையில் வாங்கிய பீட்சா துண்டு போட்டுத்தானே வரும், எப்படி முழுசாகப் பறந்தது? விடவில்லை அவர்கள். அடுத்த சீசனில் ஒரு பாத்திரத்தை வைத்து, அந்தக் கடையில் பீட்சாவை வெட்டாமல் கொடுத்து அந்த மிச்சத்தை விலையில் குறைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல வைத்தார்கள். ஒரு பீட்சாவுக்கு இவ்வளவு நேர்மை. எங்கள் தொடரில் சாலை விபத்தில் செத்த மாமனார் வேறு முகத்தோடு திரும்பி வந்தபோது நாங்கள் ஒரு வரிகூட விளக்கவில்லை.

அந்தப் பீட்சாவுக்கு, அந்த வீட்டில் நிஜமாகவே குடியிருந்த குடும்பம் கொடுத்த விலைதான் வேலி. ரசிகர்கள் வருடக்கணக்காக வந்து நிஜக் கூரையின் மேல் நிஜப் பீட்சாவை எறிந்தார்கள். தயவுசெய்து எறியாதீர்கள் என்று கில்லிகனே 2015இல் பகிரங்கமாகக் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. 2017இல் வேலி வந்தது. இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று சற்றுமுன் எழுதினேன். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை.

*

மூன்றாம் நாள் மேற்கே போனோம். ஊரின் கடைசிப் பெட்ரோல் பங்க் தாண்டியதும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வெறும் வெளி. சிவந்த மண், முழங்கால் உயரப் புதர்கள், தட்டையாக நறுக்கின தலையோடு மேட்டுப்பாறைகள். மேக நிழல் ஒன்று எங்கள் காரோடு போட்டி போட்டு ஓடி, முந்திப் போய்விட்டது. இந்த வெளியில் ரகசியமாக எதையாவது காய்ச்சுவது புதிதில்லை. உலகின் முதல் அணுகுண்டை 1945 ஜூலை 16 அன்று வெடித்துப் பார்த்தது இதே மாநிலத்துப் பாலைவனத்தில்தான். தொடரில் வால்டர் தனக்கு வைத்துக்கொள்ளும் கள்ளப் பெயரும் ஓர் அணு விஞ்ஞானியுடையது, ஹைசன்பர்க்.

முப்பது மைல் தாண்டி டோஹாஜிலி. நவஹோ பழங்குடியினரின் நிலம். 'நீர் மொள்ளும் இடம்' என்று அவர்கள் மொழியில் அர்த்தம். வால்டரும் ஜெஸ்ஸியும் ஒரு பழைய வீட்டு வண்டியை ஓட்டி வந்து முதன்முதலாகக் காய்ச்சியது இங்கே. கடைசி சீசனில் எல்லாம் இடிந்து விழுவதும் இங்கேதான், 'ஓசிமாண்டியாஸ்' என்ற எபிசோடில். அந்த எபிசோடின் தொடக்கத்தில் பழைய நாள் ஒன்று வரும்: வண்டி நிற்கிறது, வால்டர் மனைவிக்கு போன் செய்து தன் முதல் பொய்யைச் சொல்கிறார். மொத்தத் தொடருக்கும் கடைசியாகப் படமாக்கப்பட்ட காட்சி அதுதான். ஐந்து சீசன் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு, தொடங்கிய மண்ணுக்கே வந்து பேக்கப் சொல்லியிருக்கிறார்கள்.

அனுமதியில்லாமல் உள்ளே போவது முறையில்லை. தொடர் பார்த்தவன் என்பது ஒரு தகுதியா என்ன? நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடத்தில் காரை ஓரம் கட்டி நின்றோம். சத்தமே இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை ஒருவரும் இல்லாத இடத்தில் ஒரு பொய்யை முதன்முதலாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எதிரொலிக்க ஒரு சுவர்கூட இல்லை. திரும்பி நின்றபோது, வந்த வழியின் கோடியில் நீலக்கோடாகச் சாண்டியா. இங்கிருந்தும் தெரிந்தது. முப்பது மைல் தள்ளி வந்தும் கிழக்கு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கில்லிகன் சொன்னது சரிதான், இந்த மலைக்கு எத்தனை தென்னை மட்டை வெட்டுவது?

*

ஊரின் பழைய பகுதியில், தேவாலயச் சதுக்கத்துக்குப் பக்கத்து இனிப்புக் கடையில் சின்னப் பிளாஸ்டிக் பை வாங்கினேன். உள்ளே நீல நிறத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி. தொடரின் முதல் இரண்டு சீசனுக்கு மெத் என்று கேமரா முன்னால் வைக்க இந்தக் கடைதான் சரக்குக் கொடுத்திருக்கிறது. வாயில் போட்டேன். கற்கண்டு. நீலச் சாயம் போட்ட கற்கண்டு. உலகத்தையே மிரட்டிய போதைப்பொருள் என் கடைவாயில் நொறுங்கித் தித்தித்தது.

நீலமும் பொய்தான். கெமிஸ்ட்ரி தெரிந்த யாராவது உதவ வர மாட்டார்களா என்று கில்லிகன் ஒரு பேட்டியில் சொன்னதை வேதியியல் பத்திரிகை ஒன்றில் படித்துவிட்டு, ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியை டோனா நெல்சன் தானாக முன்வந்தார். இவ்வளவு மூலப்பொருள் போட்டால் இவ்வளவு கிடைக்கும் என்பது வரை கணக்குப் போட்டுக் கொடுத்தார். சுத்தமான சரக்கு நிறமில்லாமல்தான் இருக்கும், நீலமாக இருக்காது என்றும் சொன்னார். மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டவர்கள் அதை மட்டும் கேட்கவில்லை. வால்டரின் சரக்குக்கு ஒரு முத்திரை வேண்டுமே. இன்னொரு பொய்யும் உண்டு, அது நல்ல பொய்: வீட்டில் யாரும் செய்து பார்த்துவிடக் கூடாது என்று செய்முறையில் சில படிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்.

கடைக்கு வெளியே வந்து பையை அண்ணன் மகளிடம் நீட்டினேன். எடுத்துக்கொள்ளவில்லை.

"இதைப் பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும், சித்தப்பா."

சாயங்காலம் மலை மேல் போனோம். 1966லிருந்து ஓடும் ரோப்கார், 2.7 மைல் நீளம், கால் மணி நேரம். கீழே பாறைப் பிளவுகள் ஆழமாகிக்கொண்டே போக, எங்கள் பெட்டியில் ஒரு குழந்தை மட்டும் பயமில்லாமல் கைதட்டியது. பத்தாயிரம் அடிக்கு மேல், பைன் மரங்கள். ஸ்வெட்டருக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அவள் பேசினாள்.

"எமர்ஜென்சியில நான் பார்க்குறது இந்த நீலக் கல் இல்லை. நாலு நாள் தூங்காம வருவாங்க. பல்லு போயிருக்கும். தோலுக்குள்ள பூச்சி ஊருதுன்னு சொரண்டிச் சொரண்டி ரத்தமா இருக்கும். அதுல ஒரு பையனுக்கு என் தம்பி வயசு. வெளியில வந்தா டீஷர்ட்ல அந்த வாத்தியார் மூஞ்சி. டவுன்ல சிலை வேற வச்சிருக்காங்க."

சிலையைக் காலையில் பார்த்திருந்தோம். வால்டரும் ஜெஸ்ஸியும் வெண்கலத்தில், மாநாட்டு அரங்கத்துக்குள். 2022 ஜூலையில் கில்லிகனும் சோனியும் ஊருக்குக் கொடுத்தது. போதைப்பொருள் காய்ச்சினவனுக்குச் சிலையா என்று உள்ளூர் அரசியல்வாதிகள் சிலர் அப்போதே கேட்டார்கள்.

நான் தொடருக்கு வக்காலத்து வாங்கினேன். இரண்டாவது சீசனில் 'பீக்கபூ' என்று ஓர் எபிசோட் உண்டு. போதையில் கிடக்கும் அப்பா அம்மா, குப்பை வீடு, பசியோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை. அதைப் பார்த்தால் யாரும் போதையைத் தொட மாட்டார்கள் என்றேன்.

"ஒரு எபிசோடுதானே, சித்தப்பா?"

"ம்."

"அறுபத்திரண்டுல ஒண்ணு." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "உங்க செங்கல்பட்டுக் குன்று கதை சொன்னீங்கல்ல. கேமரான்னு ஒண்ணு வச்சா அது எதுக்காவது முதுகு காட்டித்தானே நிக்கணும்? அவங்க மலைக்குக் காட்டலை. என் பேஷன்ட்டுக்குக் காட்டிட்டாங்க."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மலைக்குச் சாண்டியா என்று பெயர் வந்ததற்குச் சொல்லும் காரணத்தை அவள்தான் காட்டினாள். ஸ்பானிஷில் சாண்டியா என்றால் தர்பூசணி. சூரியன் மேற்கே இறங்கும்போது எங்கள் காலடிப் பாறைகளில் வெளிச்சம் சாய்ந்து, பழுப்பு மெல்லச் சிவந்து, வெட்டி வைத்த தர்பூசணிக் கீற்றாக ஆயிற்று. ஓரத்தில் மரங்களின் பச்சை, தோல் மாதிரி. ஐந்து நிமிடம் இருக்குமா? அதற்குள் சாம்பல் பூத்துவிட்டது. கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. கார் கழுவும் இடமும் வேலி போட்ட வீடும் அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையும் அந்த விளக்குகளில்தான் எங்கேயோ இருந்தன. எது எது என்று மேலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

*

சென்னைக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் அம்மா கையில் அகப்பட்டது நீலக் கற்கண்டுதான். மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "கலர் போட்டிருக்கான். சாமிக்கு ஆகாது" என்று தள்ளி வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்று, ஒருவருக்கொருவர் நீல நாக்கைக் காட்டிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு புதுத் தொடருக்கு லொகேஷன் பார்க்க அதே செங்கல்பட்டுப் பக்கம் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து, பழைய ஓட்டு வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். அந்தத் தொடர் ஓடிய காலம் முழுக்க எங்கள் யூனிட்டுக்கு டீ கொடுத்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, கேட்காமலே சர்க்கரை கம்மியாகப் போட்டுக் கொடுத்தார். எதிரே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முதன்முறையாக அந்தக் குன்றுக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தேன். உருண்ட பாறைகள், இடுக்கில் ஒரு ஆலங்கன்று, பாதி உயரத்தில் சுண்ணாம்பு அடித்த சின்னக் கோயில். மூன்று வருடத்தில் அந்தக் கோயில் என் கண்ணில் பட்டதே இல்லை.

"ஏம்மா, இந்த மலைக்கு என்ன பேரு?"

பாலை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"மூணு வருசமா இங்கதான ஷூட்டிங் எடுத்தீங்க? மலை பேரு தெரியாதா உங்களுக்கு?"